அட்டை இல்லாத மாசி

நோட்டன் பிரிட்ஜ்

அன்பு மகள் கிருஷாந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை சுதாகரனும் கத்தாரில் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். நானும் சுகம் என்று அடுத்து எழுத வேண்டும், அதைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். சுவரோடு சுவர் ஒட்டிய நம் லயத்து வீடுகளில் நான் போனில் பேசினால் மூன்றாவது வீட்டில் பதில் சொல்வார்கள். அதனால்தான் லெட்சுமியின் மகன் துஷாந்த் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இதை வைத்திருக்கிறேன்.

எனக்குத் தீட்டு நின்று மூன்று வருஷம் ஆகிறது. போன ஐப்பசி மழையில் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, நனையாமல் இடுப்பில் சுற்றிய படங்கை அவிழ்த்தால் பாவாடையில் ரத்தப் பொட்டு. அட்டை என்று நினைத்தேன். நம் மலையில் வேறென்ன நினைப்பது? அட்டை கடித்தால் வலிக்காது, இதுவும் வலிக்கவில்லை. அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரத்தை இன்னும் தடிப்பாகப் பூசிக்கொண்டு போனேன், நாலு மாதம் ஒரு பாவமும் அறியாத அட்டைகளைத் திட்டித் தீர்த்தேன். மாசியில் மலை காய்ந்து கிடந்தபோதும் பொட்டு நிற்கவில்லை. பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் மீனம்மாவிடம் அப்போதும் அட்டையைத்தான் குறை சொன்னேன். அவள் கையை நிறுத்திவிட்டு, "இந்த வெயில்ல எங்கக்கா அட்டை இருக்கு?" என்றாள். அன்றைக்கே என்னை மிட்வைஃப் மிஸ்ஸிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

மிஸ் என்னை நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தார். முப்பத்தைந்து வயதில் கர்ப்பப்பையைச் சோதித்துச் சுத்தம் என்று துண்டுச் சீட்டு தந்தார்கள். அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்து, ஆயுளுக்கும் இது போதும் என்று இருந்துவிட்டேன். நாற்பத்தைந்தில் மறுபடி கூப்பிட்டபோது, துண்டு இருக்கிறது, வலியும் இல்லை என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். இப்போது ஆஸ்பத்திரி டாக்டரம்மா சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துவிட்டுக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார். புருஷன் பெண்சாதி உறவில் ஒட்டும் ஒரு கிருமியாம், பெரும்பாலான பேருக்குத் தானே போய்விடுமாம், சிலருக்கு மட்டும் தங்கிப் பத்துப் பதினைந்து வருஷம் சத்தமில்லாமல் அந்த இடத்துச் சதையை மாற்றுமாம். அந்தக் காலமெல்லாம் வலியும் இராது, ரத்தமும் இராது, சோதித்தால்தான் தெரியுமாம். விட்டுவிட்டால் பக்கத்துச் சதைக்கும் மூத்திரப்பைக்கும் பரவி, நெறிக்கட்டு வழியாகத் தூரத்துக்கும் போகுமாம். என்னுடையது இன்னும் கர்ப்பப்பை வாயைத் தாண்டவில்லை என்கிறார்கள். பதினெட்டாம் தேதி கண்டியில் ஆபரேஷன். பயமாகத்தான் இருக்கிறது மகளே. உன் அப்பா லயம் முழுக்க எனக்கு வாய்வு என்று சொல்லி வைத்திருக்கிறார். தினமும் மூன்று வீட்டிலிருந்து இஞ்சித் தண்ணீர் வருகிறது, அதையும் குடிக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம் சொல், இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உனக்கும் இப்போது முப்பத்தைந்து. போன மாதம் போனில், தீட்டு இல்லாத நாளில் இரண்டு தரம் ரத்தம் பட்டது, இந்த ஊர்ச் சூடாக இருக்கும், வலி ஒன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நானும் வெந்தயம் ஊறவைத்துக் குடி என்றேன். வெந்தயத்தை விடு, டாக்டரிடம் போ. நீ போனாய் என்று தெரிந்தால்தான் நான் சுகம் என்று எழுத முடியும். உன் பாலைவனத்தில் பழி போட ஒரு அட்டைகூட இல்லை மகளே.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
நாகரத்தினம்