தாள் உரித்த வெள்ளைத் தகடுகள்

அனுப்புநர்
பெயர்ப்பலகைப் பட்டறை உரிமையாளரின் தங்கை,
மரக்கடைச் சந்து.

பெறுநர்
தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்.

பொருள்: லேசர் வெட்டும் அறை விபத்து குறித்த அறிக்கையைத் திருத்தவும், மீதமுள்ள வெள்ளைத் தகடுகளைத் திங்கட்கிழமைக்குள் சோதிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பட்டறையில் லேசர் இயந்திரத்தை இயக்குபவர் என் அண்ணி. அளவெடுப்பவர் அண்ணன்; அரை மில்லிமீட்டருக்கும் சண்டை பிடிப்பதால் தெருவில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்றே பெயர். வெட்ட வேண்டிய பிளாஸ்டிக் தகடுகளைத் துடைத்து அடுக்குவது நான். சென்ற மாதம் அண்ணி இயந்திரத்தருகே மூச்சுத்திணறி விழுந்தார். தாங்கள் வந்து பார்த்து, புகை வெளியேற்றும் விசிறி பலவீனம், துடைக்காததால் இயந்திரத்தில் துரு, ஆகவே 'இயக்குபவரின் அலட்சியம்' என்று எழுதினீர்கள். விசிறியை மாற்றித் திங்கட்கிழமை திறக்கலாம் என்றும் உத்தரவிட்டீர்கள்.

2. அண்ணி தேநீர்க் குவளையின் அடியைக்கூடத் துடைத்துவிட்டே மேசையில் வைப்பவர். எனவே அந்தத் துரு என் மண்டையைக் குடைந்தது. ஒரே நாளில் வாங்கிய இரண்டு கத்தரிக்கோல்களில் முன்னறையில் இருந்தது பளபளக்கிறது. லேசர் அறையில் இருந்தது பழுப்பேறிவிட்டது. வேலைப் பதிவேட்டைப் புரட்டினேன். அண்ணி இருமிய நாட்களெல்லாம் வெள்ளை எழுத்து வெட்டிய நாட்கள். ஆனால் வெள்ளை வெட்டிய எல்லா நாளும் அவர் இருமவில்லை. ஏன் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

3. குழாய் பொருத்துபவர் ஒருவர் ஒரு சோதனை சொன்னார். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தகட்டில் தொட்டு, மீண்டும் தீயில் காட்ட வேண்டும், பி.வி.சி. என்றால் தீ பச்சையாகும். கொல்லையில் நின்று ஒன்பது வெள்ளைத் துண்டுகளைச் சோதித்தேன். ஆறில் ஒன்றுமில்லை. மூன்றில் கிளிப்பச்சை. உண்மையைச் சொன்னால், முதல் பச்சையைக் கண்டதும் மகிழ்ந்துபோனேன். அடுத்த நொடி வெட்கமாகிவிட்டது. பி.வி.சி.யை லேசரில் வெட்டினால் வரும் புகை ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும், இரும்பையும் நெஞ்சையும் அரிக்கும் என்று இயந்திரத்தின் கையேட்டிலேயே இருக்கிறது.

4. அண்ணிக்கு அது தெரியும். என்ன பொருள் என்று தகட்டின் மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாளில் அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்தாயா என்று என்னைக் கேட்டுவிட்டே வெட்டுவார். பெரிய கடைகள் கழித்த துண்டுகள் மூட்டையாக வரும்போது, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நான் எல்லாத் தாளையும் காலையிலேயே உரித்து, நிறம் பார்த்து அடுக்கிவிடுவேன். லேசரில் வெட்டத்தக்க அக்ரிலிக்கும், வெட்டக்கூடாத பி.வி.சி.யும் வெள்ளையில் அக்காள் தங்கை போல இருக்கும். விழுந்த அன்றும் அண்ணி கேட்டார். "எல்லாம் அக்ரிலிக்தான் அண்ணி, நான் பாத்துட்டேன்" என்றேன். நான் பார்க்கவில்லை, ஐயா. தாள்கள் ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தன.

5. பச்சைத் தீயை அண்ணனிடம் காட்டினேன். "ஆபீசரே விசிறின்னுதான எழுதியிருக்காரு? தாளைப் பாத்து அடுக்குனவளும் நீதானே?" என்றார். தாளை நான் பார்க்கவே இல்லை என்பதை அப்போதும் மறைத்துவிட்டேன். தங்கள் அறிக்கையைப் படித்த நாள் முதல் அண்ணி கட்டிலில் படுத்தபடி, "நான்தான் சரியாத் தொடைக்கலையோ" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதைக் காதால் கேட்க முடியவில்லை.

6. புது விசிறி புகையைத் தள்ளும், பி.வி.சி.யை அக்ரிலிக் ஆக்காது. அடுக்கில் இன்னும் நாற்பது வெள்ளைத் துண்டுகள் உள்ளன. திங்கட்கிழமை இயந்திரத்தில் நிற்கப்போவது அண்ணன். அதற்குள் தாங்கள் வந்து அவற்றைக் கைப்பற்றிச் சோதிக்க வேண்டும். தாள் உரித்த தகடு லேசர் அறைக்குள் நுழையக்கூடாது என்று உத்தரவிட வேண்டும். அறிக்கையில் அலட்சியம் என்ற சொல்லை எடுக்க வேண்டாம். அதற்கு முன்னால் உள்ள 'இயக்குபவரின்' என்பதை மட்டும் அடித்துவிட்டு, 'தகடு அடுக்குபவரின்' என்று எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.

நாள்: ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை
இடம்: பட்டறை முன்னறை

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
தகடு அடுக்குபவர்

இணைப்பு: பச்சை காட்டிய மூன்று துண்டுகள், செம்புக் கம்பி ஒன்று.

நகல்: அண்ணிக்கு, கட்டிலருகே, நேரில்.