மூன்று நாள் வந்த பருப்பு

என்னவளுக்கு,

நீ சொல்லிக் கொடுத்தபடியேதான் சமைக்கிறேன். கடை மூடும் நேரத்தில் போனால் வாடிய காய்கறி மலிவாகக் கிடைக்கிறது. முட்டைக்கோஸின் தண்டைக்கூட விடாமல் பொடியாக நறுக்கிப் பருப்பில் போட்டுவிடுகிறேன். ஒரு சட்டிப் பருப்பு மூன்று நாள் வருகிறது என்று போன கடிதத்தில் பீற்றிக்கொண்டேனே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். பெரியவள் பிற்பகல் வகுப்பில் மயங்கி விழுந்துவிட்டாளாம். "மத்தியானம் சாப்பாடு குடுத்து விடலையா?" என்று டீச்சர் கேட்டார். "டப்பா நிறைய குடுத்தேனே" என்றேன். பையைத் திறந்தால் டப்பா அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் வாயைத் திறந்தாள். "தினமும் சாயங்காலம் சட்டியிலயே திரும்பக் கொட்டிடுவேன்பா. தம்பி ரெண்டாவது தடவை கேட்கிறான்ல."

பருப்பு மூன்று நாள் வருவதை நான் என் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிட்டேன். வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாளே சட்டி காலி.

நான் வேலை பார்த்த பட்டறை மறுபடி திறக்கும் என்று இப்போது யாரும் சொல்வதுகூட இல்லை.

நீ வேலை செய்யும் வீட்டின் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு அடுத்த மாதமே வந்துவிடட்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம். அங்கே உனக்கு மூன்று வேளையும் சாப்பாடு போடுகிறார்கள் அல்லவா, இரு. நீ வரக்கூடும் என்று சின்னவனிடம் நான் சொல்லவே இல்லை. அதனால் அவன் ஏமாற மாட்டான்.

உன் பிள்ளைகளின் அப்பா