மீன் விலை ஏறியபோது நாங்கள் பிடித்த விரதங்கள்

சுருவில், 1987

தை (ஜனவரி) 20, செவ்வாய்

காலையில் மீன்காரி மாக்கிறேற் கூடையோடு படலையில் வந்து நின்றாள். போன கிழமை பத்து ரூபாய்க்குத் தந்த கூறு இன்றைக்கு இருபது. "அரசாங்கம் தடை போட்டதாலை வள்ளத்துக்கு எண்ணெய் இல்லை அக்கா, அருளப்பு தண்டு வலிச்சுத்தான் போறார்," என்றாள். புருசன் கை முழுக்கக் கொப்புளமாம். பாவம்தான், ஆனால் இருபதுக்கு நான் எங்கே போவேன்? வாயில் வந்ததைச் சொன்னேன்: "இண்டைக்குச் செவ்வாய். நாங்கள் மீன் மச்சம் தொடுறேல்லை."

பச்சைப் பொய். எங்கள் வீட்டில் வெள்ளி மட்டும்தான் விரதம்.

மாசி 3

கொழும்புக்கு லொறி ஓடவில்லை. இவருடைய புகையிலைச் சிப்பங்கள் சாமியறை வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன. வீடு முழுக்கப் புகையிலை, குசினியில் ஒன்றும் இல்லை.

மாசி 16, திங்கள்

இன்றிலிருந்து திங்களும் விரதம் என்று மாக்கிறேற்றிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த இவர், "மீன் விலை ஏற ஏற இராசமணிக்குப் பக்தியும் ஏறுது," என்றார். கோபம் வந்தது. பிறகு எனக்கே சிரிப்பும் வந்தது. இருபத்துநாலு வருசம் குடும்பம் நடத்தி மனிசன் இன்றைக்குத்தான் ஒரு உண்மை சொல்லியிருக்கிறார்.

மாசி 24

சங்கக்கடையில் கோதுமை மாவும் விலை ஏறிவிட்டது. ஏறினால் குறைத்துத்தானே வாங்க வேண்டும்? முந்தி இரண்டு இறாத்தல் வாங்கின நான் இன்றைக்கு நாலு வாங்கினேன். மாவின் புதுவிலையைக் கொடுத்த பிறகு அரிசிக்குக் காணாது. அரிசி வாங்காவிட்டால் அந்த வயிற்றையும் மாதானே நிரப்ப வேண்டும்? விலை கூடின சாமானையே கூடத் தின்கிறோம். இது என்ன விசர்க் கணக்கோ!

ஒரு பிடி அரிசி மட்டும் மகள் மீனலோசனிக்கு. நிறைமாதம் அவளுக்கு. மருமகன் ஜேர்மனிக்குப் போய் ஏழு மாதம், காசு இன்னும் வரவில்லை.

பங்குனி 5

மகளுக்குப் பெட்டைக்குஞ்சு பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். நாகபூசணி அம்மாளே!

பங்குனி 13, வெள்ளி

சுகம் என்று எழுதின கை. பிள்ளைக்குப் பால் காணாது. இரவு பகலாய் அழுகிறது. தாய்க்குப் பால் ஊறப் பால்சுறா மீன் காய்ச்சிக் கொடு என்கிறா மருத்துவிச்சி. எங்கே போக? மாக்கிறேற் இப்போது எங்கள் படலையில் நிற்பதே இல்லை. திங்கள், செவ்வாய், வெள்ளி என்று சொல்லிச் சொல்லி, போன கிழமை "நேத்தி வைச்சிருக்கிறன், பிள்ளை பெத்து ஒரு மாதம் கழியுமட்டும் மச்சமே இல்லை" என்றும் அளந்துவிட்டேனே. இன்று அவள் கூடையோடு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட வாய் வரேல்லை. கூப்பிட்டிருந்தாலும் குடுக்கக் கையிலை என்ன இருக்கு? என்ரை வாயாலைதானே என்ரை பிள்ளையின்ரை பிள்ளை பட்டினி கிடக்குது!

பங்குனி 16, திங்கள்

விடியப் படலை திறந்த சத்தம். மாக்கிறேற். பனையோலைப் பட்டையில் ஒரு பால்சுறா.

"பிள்ளைப்பெத்தவளுக்கு விரதம் இல்லை அக்கா. பிடியும்."

"காசு..."

"காசை ஆர் கேட்டது? உலையை வையும்."

என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். எல்லாம் தெரிந்திருக்கிறது அவளுக்கு. முதல் செவ்வாயே தெரிந்திருக்கும். குசினிக்குள் போய் அழுதேன்.

பங்குனி 21

பால் ஊறுது. பிள்ளை நித்திரை.

சித்திரை 29

மருமகனின் முதல் காசு வந்தது. அரிசி, பருப்பு, ஒரு பேணி பால்மா வாங்கினோம். கோதுமை மா வாங்கவில்லை. இரண்டு மாதம் தின்றது போதும். நாளைக்கு மாக்கிறேற் வந்தால் நல்ல மீனாய் இரண்டு கூறு வாங்க வேண்டும், பழைய சுறாவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வைகாசி 2

வைகாசி பிறந்தும் அவள் வரவில்லை.

வைகாசி 4, திங்கள்

சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் மாக்கிறேற். பையில் மா மட்டும். தோள் எலும்பு தெரிகிறது. கடலில் நேவி மறிப்பதால் அருளப்பு தொழிலுக்குப் போகாமல் மூன்று கிழமையாம். அதற்கு முந்தியும் விற்காத மீனைக் கூடை நிறையத் திருப்பிக்கொண்டுதான் போனாளாம். மீன் விலை கூடினால் அவளுக்கு நல்ல காலம் என்றல்லவா நான் நினைத்திருந்தேன். ஊர் முழுக்க என்னைப்போல விரதம் பிடித்தால் அவள் யாருக்கு விற்பாள்?

"வீட்டை வாரும், சோறு தின்னலாம். பேத்தியையும் பாரும்," என்றேன்.

"வேண்டாம் அக்கா. எங்களுக்குத் தவக்காலம். ஒருசந்தி விரதம்."

ஓம் என்று வந்துவிட்டேன். ஒழுங்கையில் திரும்பும்போதுதான் உறைத்தது. நாரந்தனை வேதக்கோயிலில் உயிர்த்த ஞாயிறு மணி அடித்து, தவக்காலம் முடிந்தே இரண்டு கிழமை.

வைகாசி 5

சோறும் குழம்பும் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "பேத்தி பிறந்த வீட்டுச் சோத்துக்கு ஒருசந்தி இல்லை. பிடியும்," என்றேன்.

என்னை ஒருக்கால் பார்த்தாள். பிறகு இரண்டு சோத்துக் கோப்பை எடுத்துவந்தாள். "நீரும் இருந்தால்தான் தின்பன்."

இருந்தேன். கருவாட்டுக் குழம்பு. அவள் போட்டுத் தர, இரண்டாம் தரமும் வாங்கித் தின்றேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.