நீ கிழித்துப் போட்ட பிளாஸ்திரி

அண்ணே,

இன்று காலை பசுமலை பஸ் ஸ்டாப் பக்கத்துச் செல்போன் கடையில் சார்ஜரைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டு நின்றேன். கடைக்காரர் ஈயத்தை உருக்கியதும் அந்தப் புகை மூக்கில் ஏறியது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எண்பதுகளின் தொடக்கம், எனக்குப் பத்தொன்பது வயது. ரேடியோ மெக்கானிக் பாடத்தைத் தபாலில் வரவழைத்தாய். இரண்டாவது பாடத்தோடு கிட்டார் பக்கம் போய்விட்டாய். மிச்சத்தைப் படித்தவள் நான். கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் மிதிபெட்டி யானை விலை என்று நீ புலம்பியபோது, "நான் செஞ்சு தாரேண்ணே" என்றேன். அலுமினிய டப்பாவில் துளை போட்டு இரண்டு ஜாக் பொருத்தினேன். கிட்டாரின் ஒயர் வந்து சேர ஒன்று, ஆம்ப்ளிஃபயருக்குப் போக ஒன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்ததால், பிளாஸ்திரி ஒட்டி எது எதற்கென்று எழுதி வைத்தேன். முதல்முறை நீ மிதித்துப் பார்த்த அன்று அப்பா ஜெபத்தைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "எம்புட்டு மூளை புள்ள உனக்கு!" என்றாய். அதை நான் மறக்கவில்லை.

உன் மெல்லிசைக் குழுவின் தலைவருக்குத் திருப்பரங்குன்றத்தில் ரேடியோ பொருத்தும் பட்டறை இருந்தது. நான் பற்றவைத்துக் காட்டியதைப் பார்த்து, "திங்கக்கிழமை வேலைக்கு வந்திரும்மா" என்று சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அவனியாபுரத்தில் அந்தக் கல்யாண வரவேற்பு.

மேடையேறும் முன் நீ பிளாஸ்திரியைக் கிழித்துச் சுருட்டி எறிந்ததை நான் பார்த்தேன். பெட்டியை நீயே செய்ததாகக் குழுவில் சொல்லி வைத்திருந்தாய். என் கையெழுத்து அதில் இருக்கலாமா? அப்புறம் பதற்றத்தில் ஒயர்களை இடம் மாற்றிச் சொருகினாய். சத்தமே வரவில்லை. தலைவர் முறைத்தார்.

"இது என் தங்கச்சி செஞ்சதுண்ணே. ஒயரை மாத்திப் பத்தவச்சுட்டா போல."

உன் முன்னால் மைக் இருந்தது. மண்டபமே சிரித்தது.

மறுநாள் சரியாகச் சொருகிக் கொடுத்து உன்னையே மிதிக்கச் சொன்னேன். வீடு அதிர்ந்தது. "அவர்கிட்ட வந்து உண்மையைச் சொல்லுண்ணே" என்றேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை.

"விடு தாயி. உனக்கு வேலைக்குப் போயி என்ன ஆகப்போகுது? எனக்கு மேடை போயிரும்."

திங்கட்கிழமை தனியாகப் போனேன். தலைவர் வாசலிலேயே நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். "கூடப்பொறந்தவனைக் காட்டிக் குடுக்காதம்மா" என்றார். ஆறே மாதத்தில் எனக்குக் கல்யாணம் முடித்தார்கள். அதற்குப் பிறகு நான் ஈயம் தொடவில்லை. நீ அந்தப் பெட்டியை வைத்துப் பதினோரு வருடம் வாசித்தாய். நன்றாகத்தான் வாசித்தாய்.

உன் அடக்கத்துக்குத் தலைவர் கம்பூன்றி வந்தார். "நீ கெடுத்த பெட்டியை எப்பிடிச் சரிபண்ணி வாசிச்சான் பாத்தியா? கெட்டிக்காரன்மா" என்றார். உன் மகள் என் கையைப் பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தாள். "ஆமா சார்" என்றேன்.

போன வாரம் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தாள். "அத்தை, அந்தப் பெட்டியை அப்பாவே செஞ்சதாச் சொல்வாரு. எப்படிச் செஞ்சாரு?" என்று கேட்டாள். எந்த ஒயர் எந்த ஜாக்கில், எர்த் எங்கே என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் செய்ததையெல்லாம் நீ செய்ததாகச் சொன்னேன். பிள்ளையின் முகத்தில் அவ்வளவு பெருமை.

நீ சொன்ன பொய்யை இப்போது நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மற்றதையெல்லாம் எப்படியாவது மன்னித்துவிடுவேன் அண்ணே. இதை மட்டும் மன்னிக்க முடியவில்லை.