டேப்பை ஒட்டிய கை

மகனுக்கு,

எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு 'ழ' போட்டு முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆனாலும் இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டேனே என்று சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரை எனக்காக எழுதிய பக்கத்து வீட்டுக்காரர், நான் "மடையா" என்று சொன்னால் "கண்ணு" என்று எழுதிவிடுவார். இனி என் திட்டை நானே எழுதுவேன். மடையா!

இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் உன் ஆலையில் அந்தத் தகடு வெட்டும் இயந்திரத்தின் கத்தி இறங்கும். கை உள்ளே போகாமலிருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேலை சீக்கிரம் முடிய நீ ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்தாய். அடுத்த ஷிப்டுக்கு வந்த உன் கூட்டாளிக்கு இரண்டு விரல்கள் போய்விட்டன. "சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார், என் நேரம் சரியில்லை" என்று, ஒட்டியதை எனக்கு மட்டும் ஒப்புக்கொண்டு எழுதுகிறாய். டேப்பை ஒட்டியது நேரமா?

நேற்று, விரல் போன அவன் மனைவி நம் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, எங்க வீட்டுக்காரரேதான் டேப் ஒட்டினாருன்னு வேலைய விட்டு அனுப்பப் போறாங்க. உங்க பையனுக்குத் தெரியாம இருக்குமா? வாயே திறக்கல."

"அவன் வாய் சாப்பிட மட்டும்தாம்மா திறக்கும்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை விசாரணையில் "நான்தான் ஒட்டினேன்" என்று சொல். இல்லையென்றால் நானே வந்து சொல்வேன். நான் சொன்னால் அவன் வேலை பிழைக்கும்; நீ பிழைக்க மாட்டாய்.

அடுத்த வாரமும் எழுதுவேன். உண்மையைச் சொல்லி, வேலை போய், நீ வீட்டுக்கே வந்திருந்தாலும் விட மாட்டேன். எதிரே உட்காரவைத்து எழுதிக் கையில் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா