எந்த ‘பிடி’ என்று சொல்லாமல் போனவனுக்கு

அன்புத் தம்பி நஞ்சப்பா,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். எனக்கு வேறு வழி இல்லை.

பெங்களூர் ஸ்டூடியோவுக்காக நாம் இருவரும் கூட்டு சேர்ந்து நம் ஓசூர் ஷெட்டில் செய்யத் தொடங்கினோமே டேப் ரெக்கார்டர், அது ஒருவழியாக ஓடுகிறது. வால்வு சூடேறியதும் பாட்டு சுத்தமாகப் பதிகிறது. போன வாரம் வரை நிறுத்தினால்தான் வினை. வலது ரீல் சட்டென்று நின்றுவிடும். இடது ரீல் தன் பாட்டுக்குச் சுற்றி டேப்பை மேஜையெல்லாம் கொட்டும். மறுபடி ஓட்டினால் வெடுக்கென்று இழுத்து அறுந்துவிடும். ஸ்டூடியோக்காரர் இரண்டு முறை வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். இன்னொரு தடவை அறுந்தால் சீமையிலிருந்தே வரவழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

நான் என்ன செய்வேன்? பிரேக் உன் வேலை. உன் நோட்டில் இருந்தது ஒரே வரி: ‘நிறுத்தும்போது வலது பிரேக் பிடி.’ பிடித்தேன், அறுந்தது. இன்னும் கெட்டியாகப் பிடித்தேன், இன்னும் சீக்கிரம் அறுந்தது. ஸ்பிரிங் தேடி கிருஷ்ணகிரிக்கு எத்தனை பஸ் ஏறியிருப்பேன் தெரியுமா?

போன வாரம் உன் மனைவி ஜெயம்மா உன் சாமான்களை எடுத்துப்போக வந்தாள். நோட்டை அவள் முன்னால் போட்டுப் புலம்பினேன். படித்ததும் சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

“அண்ணா, இது உங்க பிடி இல்ல, எங்க வீட்டு பிடி. கன்னடம். ‘பஸ்’ல வர்ற ‘ப’ போட்டுப் படிக்கணும். விட்டுடுங்கன்னு எழுதியிருக்காரு.”

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாய் என்பதற்காகக் கன்னடத்தையும் தமிழ் எழுத்திலேயே எழுதித் தொலைப்பாயா? அதுவும் ஒரே வரியில் பாதி தமிழ், பாதி கன்னடம்! நானும் யோசித்திருக்க வேண்டும். ஒருநாளும் என்னை மரியாதை குறைத்துப் பேசாதவன், ‘பிடி’ என்று எனக்கு உத்தரவு போடுவாயா? கன்னடத்தில் அது மரியாதைச் சொல்லாம்.

வலது பிரேக்கைத் தளர்த்தி இடதை இறுக்கினேன். டேப் ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. திரும்பத் திரும்ப நிறுத்திப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை தம்பி, பயம்தான் வந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டை அடைத்துப் பேச முடியாமல் கிடந்தபோது ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாயே, ‘மிஷின் பிடி’ என்று. அதை நம்பித்தான் இந்த எட்டு மாதமும் வேறு வேலை எடுக்காமல் இதைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதுவும் உங்கள் வீட்டுப் பிடிதானா? போதும் அண்ணா, விட்டுவிடுங்கள் என்றா சொன்னாய்? ஜெயம்மாவிடம் சீட்டைக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டூடியோக்காரர் வருகிறார். இந்த முறை டேப் அறுந்து போகாது. மிஷின் பெங்களூர் போகும், மூடிக்கு உள்ளே உன் பெயரோடு. மரியாதை போனால் போகட்டும், அந்தச் சீட்டை மட்டும் நான் தமிழிலேயே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீ விடச் சொல்லியிருந்தாலும் விடாத உன் அண்ணன்,
மாணிக்கம்