புது ஹெட்போன் வாங்காதே, காரணம் சொல்கிறேன்

அன்புச் சிட்டுவுக்கு,

முழங்கால்கள் நீங்கலாக நானும் உன் அத்தையும் இங்கே நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், தூக்கத்தை நம்புவதுதான் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது. இதை எல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் தாளில் எழுதி, அதை உன் அத்தையை விட்டுப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். வரி கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். கான்வென்டில் எங்களுக்குக் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர் இதைப் பார்த்தால் ஸ்கேலை எடுத்திருப்பார், ஆனால் இன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவுக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் அந்தப் பெரிய ஹெட்போனை வாங்கி அனுப்புவதாகச் சொன்னாயே, அது வேண்டாம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படி. நீ வயலினைத் தோளில் வைத்த நாள் முதல் நீ வாசித்து நான் குறை சொல்லாமல் விட்டது கிடையாது. போன மாதம் நீ அனுப்பிய பதிவுக்குத்தான் முதல் தடவையாக, ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். நீ பதறிப்போய் கூப்பிட்டு, "அம்மா, நீங்க திட்டலைன்னா எனக்கு பயமா இருக்கும்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?" என்று கேட்டாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. வயலினைக் கம்பளிக்குள் சுற்றி வைத்து வாசித்ததுபோல் எனக்குக் கேட்டது, அவ்வளவுதான். மேல் கம்பியில் நீ உயர ஏறும்போது சுரம் கேட்டது, அதன் விளிம்பு கேட்கவில்லை. விளிம்பு தெரியாமல் கூடுதல், குறைச்சல் என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? அதற்குள் இசைக்குழுவின் முதல் வயலின் நாற்காலிக்கு அடுத்த மாதம் தேர்வு என்று சொல்லிப் புதுப் பதிவையும் அனுப்பிவிட்டாய், அம்மா சரி என்று சொன்னால்தான் போய் வாசிப்பேன் என்றும் எழுதிவிட்டாய். எனக்கு எப்படி இருந்திருக்கும்? பழைய ஹெட்போன்தான் காரணம் என்று நீ சொன்னதும் நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஹெட்போனுக்கு வயதாகிவிட்டது என்பது சொல்வதற்கு எவ்வளவு சுகமாக இருக்கிறது பார்.

உன் அத்தைதான் விடவில்லை. "அண்ணி, கண்ணாடி மாத்தறதுக்கு முன்னாடி கண்ணைக் காட்டறோம்ல, அதுமாதிரி காதையும் ஒரு தரம் காட்டிட்டு வந்துடலாம்" என்றாள். அவள் சொல்வதில் எப்போதாவது நியாயம் இருந்துவிடுகிறது. போனோம். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நானும் ஒழுங்காக அழுத்திக்கொண்டு வந்தேன். பிறகு வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று வெளியே பார்த்தால், அந்தப் பெண் மும்முரமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. டாக்டர் காட்டிய வரைபடத்தில் கோடு பாதிவரை சமதரையாக வந்து, பிறகு குழந்தைகளின் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. "இந்த வயசுக்கு இது சாதாரணம்தாம்மா" என்றார் அவர். சாதாரணம் என்ற சொல் எனக்கு எந்த வயதிலும் பிடித்ததில்லை. உயர்ந்த ஹெட்போன் வாங்கினால் சரியாகுமா என்று கேட்டேன். "அது குடுக்கறதைக் காது வாங்கணுமேம்மா" என்று சிரித்தார். காதில் வைக்கும் கருவியைப் பற்றியும் சொன்னார், ஆள் பேசுவது நன்றாகக் கேட்குமாம். உன் அத்தை பேசுவது இப்போது கேட்பதே எனக்குத் தாராளம், அதைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது அந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். "விடுங்க அண்ணி, குடியா முழுகிப்போச்சு? ரெண்டு மூணு சுரம்தானே" என்று அவள் தேற்றினாள். "அந்த ரெண்டு மூணு சுரத்துலதான் என் பொண்ணு இருக்கா" என்றேன். அவள் வரைபடத்தை வாங்கி மடித்து என் கைப்பைக்குள் வைத்தாள்.

ஆனால் பரிசோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லையே. மறுநாளே ஹெட்போன் கடைக்குக் கிளம்பினேன், உன் அப்பாவுடைய பழைய ஹெட்போனை அத்தை தன் பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரருக்குத் தலைக்குப் பின்னால் முடிந்த குடுமி, கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று உடம்பெல்லாம் ஹெட்போன். விலையைப் பார்த்தால் காதும் அதற்குத் தக்கபடி கேட்டுத் தொலைக்கும் என்பதால் என் கண்ணைக் கட்டச் சொன்னேன். தலையில் மாட்டினால் எடை காட்டிக்கொடுத்துவிடும், அதனால் காதின்மேல் மெல்லிய கைக்குட்டையைப் போட்டு, ஒவ்வொன்றையும் அத்தை கையாலேயே பிடிக்க வேண்டும், யாரும் பேசக்கூடாது, இருமக்கூடாது. "மேடம், பரீட்சை எனக்கா, உங்களுக்கா?" என்று குடுமி கேட்டார். ஹெட்போனுக்கு என்றேன். உன் வாசிப்பையே போட்டுக் கேட்டு மதிப்பெண் கொடுத்தேன். முதலில் வந்ததற்கு ஐம்பது, அடுத்ததற்கு நாற்பது, மூன்றாவதற்கு அறுபத்தைந்து. கட்டை அவிழ்த்துப் பார்க்கிறேன், அறுபத்தைந்து வாங்கியது நம் வீட்டுப் பழைய ஹெட்போன்! உன் அத்தை சத்தமில்லாமல் அதையும் வரிசையில் சேர்த்திருக்கிறாள். அங்கேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன் என்று தெரிய வேண்டியிருந்தது. குடுமி அதைத் தன் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கொஞ்சம் காரமான பீஸுங்க மேடம், மேல் சத்தத்தைத் தூக்கித் தூக்கிக் குடுக்குது, நல்ல காது உள்ளவங்களுக்குத் தலைவலி வந்துடும்" என்றார், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குப் பொறி தட்டியது. என் காதுக்கு வேண்டியது உயர்ந்த சரக்கு அல்ல, காரம். அதையும் குத்துமதிப்பாக ஏன் போட வேண்டும்? எந்த உயரத்தில் எவ்வளவு குறைகிறது என்று டாக்டர் போட்டுக்கொடுத்த வரைபடம் என் கைப்பையில் இருக்கிறதே, அந்தக் கோடு இறங்குகிற இடத்தில் இறங்குகிற அளவுக்கு ஒலியை ஏற்றிக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். அவர் கண் விரிந்தது. "முடியும் மேடம், அந்த வசதி உங்க போன்லயே இருக்கு, யாரும் கேக்கறதில்லை" என்றார். வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு காதுக்கும் தனித்தனியாக அளவு வைத்து, பழைய ஹெட்போனுக்குக் காது மெத்தையை மட்டும் புதிதாக மாற்றி என் தலையில் மாட்டினார்.

சிட்டு, வில் கம்பியைத் தொடுவதற்கு முன்னால் நீ மூச்சை இழுக்கிறாய்! எனக்குக் கேட்டது. வில்லில் தேய்த்த பிசினின் சுரசுரப்புக் கேட்டது. கம்பளியை யாரோ உருவி எடுத்துவிட்டார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், ஒயரில் தொங்கிக்கொண்டு போனும் என்னோடு எழுந்தது, குடுமி பாய்ந்து அதைப் பிடித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முழுதும் கேட்டேன், திரும்பவும் கேட்டேன். இப்போது தீர்ப்பை எழுதிக்கொள். மெதுவான பகுதியில் குறை இல்லை, இதை இந்தத் தடவை கேட்டுவிட்டுச் சொல்கிறேன். வேகப் பகுதியில் மேல் கம்பியின் உச்சிக்கு ஏறி நிற்கிறாயே, அந்தச் சுரம் மயிரிழை கூடுதல். ஒரு தடவை என்றால் தவறிவிட்டது என்பேன், அது வருகிற இடத்தில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. விரல் தப்பவில்லை, நீ அவசரப்படுகிறாய், ஏறுவதற்கு முன்னால் மூச்சு விடாமல் ஏறுகிறாய். அதைக் கண்டுபிடித்ததும் நான் கையைத் தட்டிக் கத்தியதில் உன் அத்தை சமையல் கட்டிலிருந்து ஓடிவந்தாள். "தப்பு இருக்கு, தப்பு இருக்கு!" என்று அவளைக் கட்டிக்கொண்டேன். "பெத்த பொண்ணு தப்பு பண்ணினதுக்கு இவ்வளவு சந்தோஷப்படற அம்மாவை நான் பார்த்ததில்லை" என்றாள். அதைச் சரிசெய்துகொண்டு போய் வாசி, நான் சரி என்று சொல்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கடைசிச் சுரம் அடங்கிய பிறகு நீ பதிவை உடனே நிறுத்தவில்லை. அந்த அமைதியில், உனக்கு இடப்பக்கமாக, கோப்பைக்குள் ஒரு கரண்டி சுற்றுகிற ஒலி வருகிறது, மிக மெல்லிய கிணுகிணுப்பு, முன்பு எனக்குக் கேட்கவே வழியில்லாத ஒலி. நீ பள்ளிக்கூட நாளிலிருந்தே எதிலும் சர்க்கரை சேர்ப்பதில்லை, கலக்குவதற்கு உனக்கு என்ன இருக்கிறது? உன் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். "எனக்கு முதல் நாளே கேட்டுச்சு அண்ணி. சங்கீதம்தான் எனக்குத் தெரியாது, கரண்டி தெரியும்" என்கிறாள் அந்தக் கள்ளி. நீ தனியாக இருப்பதைப் பற்றி நான் வாய் திறக்கக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறாய், நானும் காப்பாற்றி வருகிறேன். அதனால் யார் என்று கேட்கவில்லை. கேட்டதை மட்டும் சொல்கிறேன். அவ்வளவு நீளமான வாசிப்பில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இருமல் இல்லை, நாற்காலி முனகவில்லை. வேகப் பகுதி முடிந்து, ஒலி அறையை விட்டுப் போகும்வரை அந்தக் கரண்டி தொடப்படவே இல்லை. டீயோ காபியோ, அது பச்சைத் தண்ணீராக ஆறிப் போயிருக்கும், அதில் சர்க்கரைகூடக் கரைந்திருக்காது. தேர்வில் உனக்கு மதிப்பெண் போடுபவர்கள் யாரோ எனக்குத் தெரியாது, இந்த ஆளுக்கு நான் முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

கழுத்து வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, தேர்வன்று வெறும் வயிற்றோடு போகாதே. ஹெட்போனுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல கோப்பைகளாக வாங்கு, ஜோடியாக. கடவுள் உன் விரல்களுக்குத் துணை இருப்பார், நிதானத்தை நீதான் கொண்டுபோக வேண்டும். அடுத்த பதிவில் வாசித்து முடித்ததும் வாலை நறுக்கிவிடாதே, கடைசிவரை அப்படியே அனுப்பு.

குறை சொல்லக் காது திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில்,
உன் அம்மா